ஐந்தாம் மாடியில் சத்தம் இல்லை

1

இதை எழுத வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. அம்மா பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

அப்பா இறந்து மூன்று வாரமாகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் நினைவுக் கூட்டம். அவர் வாழ்க்கையை யாராவது எழுதி வாசிக்க வேண்டும். "நீயே எழுதுடா. உனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதானே" என்றாள் அம்மா. இருபது வருடத்தில் என் எழுத்துக்கு வீட்டிலிருந்து கிடைத்த முதல் அங்கீகாரம்.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள். அவள் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருடம். அடக்கத்துக்கும் வரவில்லை.

"நீதான் எழுதறியாமே?"

"ஆமா."

"அப்பா என்னைப் பத்தி எப்பவாவது ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தா எழுது, ஞாயித்துக்கிழமை வர்றேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு. நீயா எதையாவது ஜோடிச்சா எனக்குத் தெரிஞ்சிடும். உன் கதையெல்லாம் படிச்சிருக்கேன்."

ஆக, வாசகரே, அக்கா வருவதும் வராததும் இந்தக் கதையின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. சாதாரணமாக என் கதையை நம்பி யாரும் தெருமுனை வரைகூடப் போக மாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "அன்பும் பண்பும் பாசமும் நேசமும் ஒருங்கே அமையப்பெற்ற" [இதற்குப் பிறகு யாருடைய அப்பாவை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "எத்தனையோ பேரை அவர் மேலே உயர்த்தினார்" [லிஃப்ட் மெக்கானிக் என்பதால். எழுதிவிட்டு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: "கடைசி மூச்சில் அப்பா என் கையைப் பிடித்து, அக்காவின் பெயரைச் சொல்லி" [சொல்லவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு அரை அங்குலம் மூடாமல் நிற்கிறது என்று டாக்டரிடம் சொன்னார். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. டாக்டர், பார்க்கச் சொல்கிறேன் என்றார்.]

3

உள்ளதை எழுதுகிறேன். அப்பா முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே யாராவது மாட்டிக்கொண்டால், படியேறிப் போய்க் கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, உங்களுக்காக ஜெபம் பண்றேன்" என்பார்.

"ஐயா, அதெல்லாம் அப்புறம். முதல்ல மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"நான்தாங்க மெக்கானிக்."

அதற்குப் பிறகுதான் உள்ளே இருப்பவர்கள் நிஜமாகவே அழ ஆரம்பிப்பார்கள்.

வீட்டில் சாப்பாட்டுக்கு முன் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஜெபம். அப்பா எங்களிடம் நேராக எதையும் கேட்க மாட்டார். எங்களை எதிரில் வைத்துக்கொண்டே ஆண்டவரிடம் போட்டுக்கொடுப்பார். "ஆண்டவரே, மூத்தவ கணக்குல இருபத்தெட்டு வாங்கின பேப்பரை மெத்தைக்கு அடியில வச்சிருக்கா. அதை எடுத்துக் காட்டறதுக்கு அவளுக்குத் தைரியம் குடுங்க." "ஆண்டவரே, பிள்ளைங்க அம்மா தன் தங்கச்சிக்குக் குடுத்த குக்கரைத் திருப்பிக் கேக்க அவளுக்கு வாய் குடுங்க."* "ஆண்டவரே, சின்னவன் கதை எழுதறேங்கறான். இவனுக்கு ஒரு வேலை குடுங்க. கதையும் நல்லா வந்தா சந்தோஷம்."

எங்கள் வீட்டில் ரகசியத்தின் ஆயுள் சாப்பாட்டு நேரம் வரைதான். ஆனால் ஒன்று. அந்த ஜெபத்தில் ஒரு நாளும் ஒருவரையும் அவர் விட்டதில்லை. காய்ச்சலில் படுத்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து போட்டுக்கொடுப்பார்.

(* குக்கர் மறுநாளே வந்துவிட்டது. அன்று சித்தியும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.)

4

இந்த இடத்தில் என் கதாநாயகனை எனக்கே பிடிக்காமல் போகிறது.

அக்கா ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். நல்ல மனிதர். கடவுள் நம்பிக்கை மட்டும் கிடையாது. "பல்லைப் படைச்சவரையே நம்பாதவன் பல்லை என்னத்தைப் பாப்பான்?" என்று கேட்டார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. ஒரு பையோடு கிளம்பிப் போனாள்.

"இனி இந்த மேசையில அவ பேரு வரக்கூடாது" என்றார் அப்பா.

வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர் என்று ஊரே அவரைப் புகழும். அந்தப் புகழை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. வைராக்கியத்தில் அம்மா அவருக்கு ஒரு படி மேல், அவளும் அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஜெபத்தில் அக்காவின் பங்கும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. என் வேலையின்மையைப் பற்றி ஆண்டவர் தினமும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

[அக்கா, உன் கேள்விக்குப் பதில்: இல்லை. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இந்த வரியை நான்கு தடவை அடித்து நான்கு தடவை திரும்ப எழுதினேன்.]

5

ஒரு நினைவுரையில் இரண்டு இடத்திலாவது ஜனங்கள் சிரிக்க வேண்டும். அதற்காக அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் போனேன். எல்லோரும் அவரை 'ஆயில்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயில் அண்ணன் ஒரு பழைய பதிவேட்டைத் தூக்கிவந்தார். தபாலாபீசுக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் பதிவேடு. தேதி, புகார், செய்த வேலை, கையெழுத்து.

"உங்கப்பா பொறுமையைப் பாருங்க தம்பி. இங்க அஞ்சாவது மாடியில ஒரு பைத்தியம். ஆறு வருஷமா லிஃப்ட்ல சத்தம் வருதுன்னு போன் பண்ணிட்டே இருக்கு."

புரட்டினேன். புகார்: '5-பி. சத்தம்.' செய்த வேலை: 'சோதித்தேன். சத்தம் இல்லை.' அடுத்த மாதமும் '5-பி. சத்தம்.' 'சோதித்தேன். சத்தம் இல்லை.' எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று தடவை.

"மூணு தடவை பொய்ப் புகார் வந்தா, தவறுன்னு எழுதி மூடிடலாம். கம்பெனி விதி. நான் சொன்னாக்கூட உங்கப்பா கேக்க மாட்டாரு. அரை நாள் அங்கயே தட்டிட்டு உக்காந்திருப்பாரு."

ஆண்டவரே அனுப்பிய நகைச்சுவை என்று நினைத்தேன். 'ஐந்தாம் மாடிப் பைத்தியமும் அப்பாவின் பொறுமையும்' என்று ஒரு முழுப் பக்கம் எழுதி, பிரதியை அக்காவுக்கு அனுப்பினேன். சிரிப்பாள், சிரித்தால் ஒருவேளை வருவாள் என்று ஒரு நப்பாசை.

6

"அந்தப் பைத்தியம் நான்தான்" என்றாள் அக்கா.

(போனில் பேசுவதோடு என் தம்பிக் கடமை முடிந்துவிட்டிருந்தது. அவள் விலாசத்தை நான் கேட்டதே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.)

"குடி வந்த புதுசுல ஒரு நாள் கதவுத் துளை வழியா பாத்தேன். அப்பா லிஃப்ட் வாசல்ல குத்துக்கால் போட்டு உக்காந்திருந்தாரு. அடுத்த மாசம் ஆளைக் காணோம். சத்தம் வருதுன்னு போன் பண்ணேன். வந்தாரு. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு."

"கதவைத் திறந்திருக்கலாமே?"

"அவரு மணி அடிச்சிருக்கலாமே?"

இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது.

"இப்ப எனக்கு ஒண்ணுதான் தெரியணும்டா. உள்ள இருக்கறது நான்தான்னு அவருக்குத் தெரியுமா? தெரியாம வந்திருந்தார்னா, நான் ஆறு வருஷமா ஒரு மெக்கானிக்கை ஒளிஞ்சிருந்து பாத்திருக்கேன், அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு நான் கூட்டத்துக்கு வரணும்?"

7

முடிவு அ: பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் அக்காவின் பெயர். [தேடினேன். ஒரு போல்ட்டின் படம்தான் இருக்கிறது. நன்றாக வரைந்திருக்கிறார்.]

முடிவு ஆ: ஒரு நாள் கதவு திறக்கிறது. அப்பா நிமிர்ந்து பார்க்கிறார். இருவர் கண்களிலும் [அக்கா என்னைக் கொன்றுபோடுவாள்.]

முடிவு இ: அவருக்குக் கடைசிவரை தெரியாது. [விமர்சகர்கள் பாராட்டுவார்கள். எழுதி முடித்ததும் அடித்துவிட்டேன். பேனாவை மூடிவிட்டு அம்மாவிடம் போனேன்.]

8

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தபாலாபீஸ் பின்னாடி ஒரு கட்டடம், அப்பா அங்க அடிக்கடி போவாராமே?" என்றேன்.

"அதைக் கேளு. அங்க போற அன்னைக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போடச் சொல்வாரு. கிரீஸ்ல உருள்ற மனுஷனுக்கு எதுக்கு இஸ்திரி? சவரம் வேற. ரெண்டு வருஷம் எனக்கு வயித்துல நெருப்புடா."

"கேக்கலையா?"

"கேக்காம? அவரு பாணியிலயே கேட்டேன். மேசையில உக்காந்து, 'ஆண்டவரே, இந்த மனுஷன் சீவி சிங்காரிச்சிட்டு யாரைப் பாக்கப் போறாருன்னு எனக்குக் காட்டுங்க'ன்னு ஜெபம் பண்ணேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"கண்ணை மூடிட்டே 'ஆமென்'னாரு. என்னைவிடச் சத்தமா."

"அம்மா, அங்க அஞ்சாவது மாடியில அக்கா இருக்கா."

அம்மா கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள்.

அங்கேயே நின்று போனில் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "எந்தச் சட்டைடா?" என்றாள்.

நான் கதைக்காரன். நீலக் கட்டம் போட்டது, காலரில் நூல் பிரிந்தது என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நம்பியும் இருப்பாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. இஸ்திரி போட்டவங்க பக்கத்துலதான் இருக்காங்க" என்றேன்.

போனை நீட்டினேன். அம்மா புடவையில் இரண்டு கையையும் துடைத்தாள். துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை யார் யார் வந்தார்கள் என்று எழுத இன்னும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அவசரப்படுகிறவர்கள் தங்களுக்குப் பிடித்தபடி முடித்துக்கொள்ளலாம். நான் எழுதினால் பொய்தான் வரும்.