வீட்டுச் சுருதி

நுழைவுப் பரீட்சை நாளன்று காலையில் அந்த இசைக் கல்லூரிப் பியானோவுக்குச் சுருதி சேர்த்தது நான்தான். வருடா வருடம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை பாடப் போகிறவர்களில் என் மகள் சிட்டுவும் ஒருத்தி. அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், கைக்குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி ஒவ்வொரு தந்தியையும் பார்த்துப் பார்த்து முறுக்கினேன்.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது பாகப்பிரிவினை செய்கிற வேலைதான். ச-வையும் ப-வையும் சுத்தமாகச் சேர்த்து, அப்படியே பன்னிரண்டு தாவல் தாவித் திரும்பி வந்தால், ச தன் இடத்தைத் தாண்டி மேலே போய் நிற்கும். எனவே ஒவ்வொரு தாவலிலும் துளி குறைத்து, நஷ்டத்தை எல்லாச் சுரங்களின் தலையிலும் சமமாகக் கட்டிவிடுவோம். யாருக்கும் முழு நியாயம் இல்லை. யாரும் சண்டைக்கு வருவதும் இல்லை.

எங்கள் வீட்டுப் பியானோ கதை வேறு. யாரோ தூக்கிப்போட இருந்ததை நான் கொண்டுவந்தேன். உள்ளே இரும்புச் சட்டத்தில் விரிசல். தந்திகளை முழு அளவுக்கு இழுத்தால் சட்டம் பிளந்துவிடும். ஆகவே எல்லாச் சுரங்களையும் ஒன்றுபோல அரைச்சுரத்தில் பாதி இறக்கி வைத்தேன். தங்களுக்குள் அவை ஒற்றுமையாகத்தான் இருந்தன.

"ஊர்ல இருக்கறதை எல்லாம் சரி பண்றீங்க, நம்ம வீட்டுது மட்டும் இப்படியே கிடக்குது" என்று மனைவி இடித்துக் காட்டுவாள். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அந்தப் பியானோவை வைத்துத்தான் சிட்டுவுக்கு மூன்று வயதிலிருந்து மனைவி பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள்.

சிட்டுவுக்கு அபாரமான காது. குக்கர் விசில் அடித்தால்கூட என்ன சுரம் என்று சொல்லிவிடுவாள். நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அவள் சொல்வதெல்லாம் எங்கள் வீட்டுப் பியானோவின் கணக்கு என்பது பதினாலு வருடத்தில் ஒரு நாளாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தேர்வாளர் அம்மா முதல் சுரத்தை அடித்துக் கொடுப்பார். முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைப் பியானோ இல்லாமல் பாடி முடிக்க வேண்டும். முடிந்ததும் கடைசிச் சுரத்தை அடித்துப் பார்ப்பார். சேர்ந்தால் தேறியது.

கொடுத்த சுரத்தில்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே குரல் மெல்ல இறங்கி, தெரிந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அசையவே இல்லை. கடைசிச் சுரத்தை அவள் நீட்டிப் பிடித்திருக்கும்போதே பியானோ ஒலித்தது. இரண்டும் ஒட்டாமல் நறநறவென்று அடித்துக்கொண்டன.

"இறங்கிட்டம்மா. இன்னொரு தடவை பாடு."

மறுபடியும் அதே இடம். மயிரிழை மாறவில்லை. அவ்வளவு சரியாகத் தப்பாகப் பாட யாராலும் முடியாது.

தாங்காமல் கதவைத் திறந்துவிட்டேன். "மேடம், அவ மேல தப்பில்ல. எங்க வீட்டு பியானோ கொஞ்சம் எறக்கம்…"

"வெளியில இருங்க சார். எல்லாருக்கும் ஒரே பியானோதானே?"

அதுவும் நியாயம்தான். பையில் சுருதி முறுக்கும் சாவி இருந்தது. அதை வைத்து எதைத் திருப்புவது? அந்தக் காதுக்குள் சாவி நுழையாது.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். சிட்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, அந்தப் பியானோ ஏறிக் கிடக்குது. எந்தப் புண்ணியவான் சுதி சேர்த்தான்?"

"நான்தாம்மா."

"விளையாடாதீங்க."

சட்டைப் பையிலிருந்து, சரியான சுருதி காட்டும் இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டி அவள் காதோரம் பிடித்தேன். எஃகுத் துண்டு, அது தப்பாது. இத்தனை வருடம் என் பையில்தான் கிடந்தது. ஒரு தடவைகூட அவளுக்குத் தட்டிக் காட்டியதில்லை.

கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு என் கையை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"பாவம்ப்பா நீங்க. இதுவும் ஏறித்தான் இருக்கு. வேற வாங்கிடலாம்."