மேடைக்குப் படி இல்லை

மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஐந்தரை மணிக்கு, பழைய துறைமுகத்தை ஒட்டிய மைதானத்தில், மத்திய அமைச்சரின் பாராட்டுக் கூட்டத்துக்காக எழும்பிக்கொண்டிருந்த மேடையின் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தார்.

விழுந்தவர் அந்த மேடையைக் கட்டும் மேஸ்திரியின் தங்கை கணவர். பனியில் நனைந்த இரும்புக் குழாய் உள்ளங்கையில் வழுக்கும் நேரம் அது. பாதுகாப்பு பெல்ட் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துபோய், பழைய கயிறு ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறியிருந்தார். கயிறு அறுந்தது. முதலில் ஸ்பேனர் விழுந்து ணங்கென்றது. அடுத்து வந்த சத்தத்தைப் பற்றி மேஸ்திரி யாரிடமும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தங்கையோடு மைதானத்துக்குத் திரும்பியபோது காண்ட்ராக்டர் காத்திருந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு மேஸ்திரி. இன்ஸ்பெக்டர் கேட்டா, வீட்டுக் கூரையில ஏறி விழுந்துட்டான்னு சொல்லிடுங்க."

"விடியக்காலையில ஸ்பேனரோட கூரை மேல என்ன சார் வேலை?" என்றான் வெல்டர்.

"நீ வாயை மூடு."

தங்கையும் அங்கே வேலை செய்பவள்தான். மேடைக்குத் துணி கட்டுபவள். புடவையில் ரத்தம் காய்ந்திருந்தது. "எங்க வீட்டுக் கூரை என் தலையில இடிக்கும் சார். அதுலேருந்து விழுந்தா முட்டிதான் சிராய்க்கும். இங்க விழுந்தார்னு சொன்னாத்தானே வைத்தியச் செலவை நீங்க கொடுக்கணும்? அதுக்குத்தானே இந்தக் கதை?"



"தலைவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும்" என்றார் மேஸ்திரி.

அவருக்கு அந்த உரிமை உண்டு என்று நம்பியிருந்தார். தலைவர் வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றபோது, கவிழ்த்துப் போட்ட எண்ணெய்ப் பீப்பாய்தான் மேடை. அது ஆடாமல் பிடித்துக்கொண்டவர் மேஸ்திரி. நகராட்சித் தலைவரானபோது மேடை இடுப்புயரம் வந்தது. நாடாளுமன்றத்துக்குப் போய் அமைச்சரானபோது ஆளுயரம் தாண்டியது. மேடை உயர்ந்தால் கூலியும் உயரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடுவில் ஒரு காண்ட்ராக்டர் முளைத்தார், அவருக்கு மேல் ஒரு கம்பெனி முளைத்தது, கூலி தேய்ந்தது. ஆனாலும் தலைவர் கூட்டம் முடிந்து இறங்கும்போதெல்லாம், "என்ன மேஸ்திரி, சௌக்கியமா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார். மேஸ்திரி அதை ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிவார்.

காண்ட்ராக்டர் போனைப் போட்டுக் கொடுத்தார்.

"மேஸ்திரியா! கேள்விப்பட்டேம்ப்பா. மனசே சரியில்லை."

"ஐயா, மேடையிலதான் விழுந்தார்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."



"நான் பாக்குறதே தொழிலாளர் இலாகா. என் மேடையிலயே ஆள் விழுந்தான்னா பேப்பர்காரன் சும்மா விடுவானா? காண்ட்ராக்டர் சொல்றதைக் கேளு. உன்னை நான் பாத்துக்கறேன்."

"என்னை இல்லைங்கய்யா, விழுந்தவரைப் பாருங்க."

தொடர்பு அறுந்திருந்தது.

"என்னண்ணா சொன்னாரு?" என்றாள் தங்கை.

மேஸ்திரி ஒரு சொல் விடாமல் சொன்னார். பலகை அடிப்பவர்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். மேடை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. இரும்புப் படிக்கட்டை மட்டும்தான் இன்னும் பூட்டவில்லை. எப்போதும் கடைசியில்தான் பூட்டுவார்கள். அது தரையில் கிடந்தது.

"படியைத் தூக்குங்கப்பா" என்றார் மேஸ்திரி.

"எங்கே? அது கம்பெனிச் சொத்து!" காண்ட்ராக்டர் பாய்ந்து வந்தார். "திருட்டுக் கேஸ் போடுவேன்!"

"திருடுறவன் ஒளிச்சுவைப்பான் சார்" என்றான் வெல்டர். "நாங்க பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு, அது மேலயே உக்காந்திருப்போம். வந்து பாத்துக்கங்க."

தோளுக்குத் தோள் மாற்றிக் கடைத்தெரு வழியாகச் சுமந்துபோனார்கள். இரும்பு கழுத்தெலும்பில் அழுத்தியது. யாரோ கேட்டார்கள், என்ன இது என்று. தங்கை சொன்னாள்: "அமைச்சரோட படி."

அமைச்சர் பத்து மணிக்கு வந்தார். லாரி ஒன்றின் மேல் நின்று தொழிலாளர் நலன் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரிடமும் கேட்டார், எங்கே விழுந்தான் என்று. ஒவ்வொருவரும் "மேடையில" என்றார்கள். நண்பகலில் மேஸ்திரியையும் வெல்டரையும் கைது செய்தார்கள். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. மாலையில் நாற்காலி வாடகைக்காரர்களும் மைக் செட்காரர்களும் வந்து, தாங்களும் உட்கார இடம் கேட்டார்கள். தங்கை நகர்ந்து உட்கார்ந்தாள்.

விழுந்தவருக்கு அதுவரை நினைவு திரும்பவில்லை.