கம்பெனிக்குள் ஓடக் கூடாது

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற பேருந்தில் ஒட்டுக்கேட்டது. என் புத்தகம் ஒன்று சொந்த ஊரான சிவகாசியில் அச்சாகிக்கொண்டிருந்தது, பிழைதிருத்தப் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியிருக்கலாம். காலுக்கு நடுவே ஒரு புது வாளி. வாளிக்குள் தண்ணீர் மொள்ளுகிற மக்கு, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத தலையணை. பக்கத்து இருக்கை அம்மாவிடம்தான் பேசினார், ஆனால் குரல் ஓட்டுநர் வரைக்கும் போனது. நடத்துநர்கூடச் சில்லறையைப் பைக்குள் போட்டுவிட்டு நின்று கேட்டார்.

மகளுக்குக் கல்லூரியில் இடம் வந்த கதை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "நான் போனெக் கையில வாங்கி வாசிச்சேன் பாருங்க" என்று அவர் சொன்ன இடத்தில் திருத்தங்கல் வந்துவிட்டது. எழுந்து இறங்கிவிட்டார். பாதிக் கதையோடு ஒருவனை நட்டாற்றில் விட்டால் அவன் என்ன செய்வான்? மீதியை நானே எழுத வேண்டியதாயிற்று. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பொன்னுத்தங்கம் என்று வைத்திருக்கிறேன். மகளுக்குச் சுகிர்தா.

(இறங்கும்போது இன்னொன்றும் நடந்தது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெடிச்சத்தம் ஓயாத கந்தக பூமியில் ஒரு மொட்டு மெல்ல—"

மொட்டாவது மண்ணாங்கட்டியாவது. கிழித்துப் போட்டேன். சிவகாசியில் வெடிச்சத்தம் ஓயாமல் கேட்டால் பிழைப்பு நாறிவிடும். சத்தம் வெளியூர்க்காரர்களுக்கு. எங்களுக்கு லோடு ஏற்றுகிற சத்தம்தான்.

இரண்டாவது தொடக்கம்: "வறுமை அந்த வீட்டில்—"

அதுவும் வேண்டாம். பேருந்தில் அந்த அம்மா பேசியதில் வறுமை என்ற வார்த்தையே வரவில்லை. இரண்டு பேர் வேலைக்குப் போகிற வீடு. மகள் அரசுப் பள்ளியில் படித்ததால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். நான் பாவம் பார்த்து எழுதினேன் என்று தெரிந்தால் அவர் என்னைப் பேருந்திலேயே ஒரு பிடி பிடித்திருப்பார்.

மூன்றாவது தொடக்கம் நேராகவே இருக்கட்டும்:

சுகிர்தாவுக்கு இடம் வந்துவிட்டது.

3

ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. அதற்கு முந்தின வாரம் பூராவும் அவள் போனைக் கீழே வைக்கவில்லை. தரவரிசை வந்தாயிற்று, கல்லூரிகளை விருப்ப வரிசையில் கொடுத்தாயிற்று, இனி ஒதுக்கீடு வரவேண்டியதுதான் பாக்கி. சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் அந்தப் பக்கத்தைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். அன்றைக்குத் திறந்தபோது சென்னையில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ் என்று இருந்தது. அவள் முதலாவதாகக் கொடுத்திருந்த விருப்பம். இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. கீழே ஒரு வரி: வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உறுதிசெய்ய வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவர் யாரும் கிடையாது. அப்பா காளிராஜ் திருத்தங்கல்லில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். செய்தி கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு அச்சகம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். தினத்தாள் அடுக்குகிற பையனிலிருந்து முதலாளி வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லையாம்.

அம்மாவுக்கு மட்டும் சாயங்காலம்தான் தெரியும். ஏன் என்று பின்னால் வரும். அதுதான் கதையே.

4

இங்கே எனக்குக் காளிராஜ் மேல் ஒரு சந்தேகம். கதையில் காரியத்தைக் கெடுப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அவரை மூடநம்பிக்கைக்காரராக்கி வில்லனாக நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். எழுதவும் எழுதினேன். மனிதர் நிற்க மாட்டேன் என்கிறார். அவர் நடந்துகொண்டதை அப்படியே தருகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பவே பட்டனெ அமுக்கிருவோம்ப்பா" என்றாள் சுகிர்தா.

காளிராஜ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அவரே அச்சடித்தது. "இன்னைக்குக் கரிநாளு. ஆடி வேற. நாளைக்கு மத்தியானம் கௌரி நல்ல நேரம் இருக்கு. அதுல செய்வோம்."

"அஞ்சு மணிக்குள்ளன்னுல்ல போட்டுருக்காக?"

"மத்தியானம்னா அஞ்சுக்கு முன்னாடிதானத்தா. தமிழ்நாடு பூராம் நம்ம அடிச்ச காலண்டரெப் பாத்துத்தான் பால் காச்சுது, பொண்ணு பாக்குது. நம்ம பிள்ளைக்கு நம்ம ஒரு நேரம் பாக்கக் கூடாதா?"

சுகிர்தா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் கட்சிக்கு வருவார் என்று நம்பினாள்.

"அப்பா சொல்றதும் சரிதான்" என்றார் பொன்னுத்தங்கம். "விரலாலெ ஒரு அமுக்கு. அதுக்கு நாங்க எதுக்கு? நீயே குளிச்சி, வெளக்கேத்திட்டு அமுக்கு."

அவ்வளவுதான். இதில் வில்லன் எங்கே இருக்கிறார்?

(கதைக்குள் வந்ததும் பொன்னுத்தங்கத்தை "அவள்" என்று எழுத ஆரம்பித்திருந்தேன். பழக்கதோஷம். பேருந்தில் பார்த்தபோது அவரை அப்படிச் சொன்னேனா? இல்லையே. திருத்திவிட்டேன். அவர் அவர்தான்.)

5

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுகிர்தா தலைக்குக் குளித்தாள், விளக்கேற்றினாள், நல்ல நேரம் பிறந்ததும் பொத்தானை அமுக்கினாள்.

பக்கம் மாறியது. "பதிவுசெய்த கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது" என்று வந்தது.

அவள் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்ப அனுப்பச் சொன்னாள். வரவில்லை. பிறகுதான் திரையில் இருந்த எண்ணின் கடைசி இலக்கங்களைக் கவனித்தாள். அது அம்மாவின் எண். விண்ணப்பம் போட்ட நாளில் வீட்டில் எப்போதும் ரீசார்ஜ் இருக்கிற போன் அம்மாவுடையது ஒன்றுதான். மதிப்பெண் வந்த பிறகுதானே இவளுக்கென்று ஒரு போன் வாங்கினார்கள்.

அம்மாவின் போன் இந்த நேரத்தில் அவர் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியின் வாசலில், வாட்ச்மேனின் மரப்பெட்டிக்குள், அணைந்து கிடக்கும்.*

* தெரியாதவர்களுக்காக: பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வேனிலிருந்து இறங்கியதும் அணைத்து வாசலில் கொடுத்துவிட வேண்டும், சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எதுவும் சாயங்காலம்தான். வேன் வீடு வந்து சேர ஆறு மணியாகும். உலகத்தில் வேறெந்த ஊரிலும் ஓடிபிக்கு இந்தக் கதி வந்திருக்காது.

அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்தில் இன்றைக்கு அவருக்குக் கேட்கவில்லை போல. அம்மாவின் கம்பெனி ஆபீஸ் நம்பரும் வீட்டில் யாரிடமும் இல்லை. காலண்டரைப் பார்த்தாள். கிழித்து எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. செருப்பை மாட்டினாள்.

6

பேருந்து மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டது. அங்கிருந்து கருவேலங்காட்டுக்கு நடுவே மண் பாதை. சுகிர்தா அதில் ஓடினாள். அவள் ஓடலாம், வெளியேதானே இருக்கிறாள். வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணியைத் தாண்டிவிட்டது.

வாட்ச்மேன் சங்கையா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, அம்மா போனு வேணும். பொன்னுத்தங்கம்."

"ஆளு வந்தாத்தான் போனு."

"நான் அவுக மக."

"நீ மகதான்னு மொகத்துலயே எளுதியிருக்கு. அதுக்காகக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். சென்னை, காலேஜ், ஓடிபி, ஐந்து மணி. அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், ஆனால் "அஞ்சு மணி" என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். சங்கையாவுக்கு ஓடிபி என்னவென்று புரிந்ததா தெரியாது. சென்னை புரிந்தது.

"பொன்னுத்தங்கம் மக மெட்ராசுல படிக்கப் போகுதா?"

"அம்மா இப்ப வந்தாத்தான் போக முடியும்."

அவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். "கேட்டெ நீ பாத்துக்கோ. ஒருத்தரையும் உள்ள விடாதெ. நீயும் வராதெ." சொல்லிவிட்டு உள்ளே போனார்.

7

அம்மா ஓடி வந்தார்.

[இந்த வரியை அடித்துவிட்டேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனாலேயே சந்தேகம் வந்தது. பேருந்தில் நடத்துநரும் இதைத்தான் கேட்டார்: "வேகமா ஓடி வந்துட்டீகளாம்மா?" அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கம்பெனிக்குள்ள ஓடக் கூடாதுல்ல, தம்பி."]

அம்மா நடந்து வந்தார்.

வேலை செய்கிற அறைகள் தள்ளித் தள்ளி இருந்தன, நடுவில் வேப்பமரங்கள். சங்கையா ஓர் அறைக்கு வெளியே நின்று ஏதோ சொல்வது சுகிர்தாவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் யாரும் வெளியே வரவில்லை. கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வர முடியாது; வைக்க வேண்டிய இடத்தில், வைக்க வேண்டிய விதத்தில்தான் வைக்க வேண்டும். பிறகு அம்மா வாசற்படியில் தெரிந்தார். வெறுங்கால். முழங்கை வரைக்கும் கையில் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்து. தொட்டிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு கைகளைத் தேய்த்தார், காலைக் கழுவினார், மறுபடி கைகளைத் தேய்த்தார். சுகிர்தா கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீக்கிரம், சீக்கிரம் என்று வாய்க்குள்ளேயே சொன்னாள்.

பொன்னுத்தங்கம் நடந்தார். மகளைப் பார்த்துவிட்டார், மகள் அழுதிருப்பதும் தெரிந்துவிட்டது, அப்போதும் நடைதான். ஒரே அளவு. பக்கத்து அறைப் பெண்கள் வாசற்படிக்கு வந்து நின்று பார்த்தார்கள். சத்தம் போட்டு யாரும் கூப்பிடவில்லை. ஓடுகிற கால் ஒரு கல்லில் தட்டினால் என்ன ஆகும் என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும். பெற்ற பிள்ளை வாசலில் நிற்கும்போதும் ஓடாமல் வருவதற்கு எம்புட்டு நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

சுகிர்தா அம்மா வேலை பார்க்கிற இடத்தை அதுவரை பார்த்ததில்லை. அம்மா சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிக் காய்கறிப் பையோடு வருகிற நடையைத்தான் பார்த்திருக்கிறாள். ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறார் என்று எத்தனையோ முறை எரிச்சல்பட்டிருக்கிறாள். இன்றைக்கு அந்த நடை வேப்பமரங்களுக்கு நடுவே வருவதைப் பார்த்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இடம் வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு பெருமையாக இல்லை.

"என்னத்தா?" என்றார் அம்மா.

"உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதெப் போட்டாத்தான் சீட்டு."

"இம்புட்டுதானா?" சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். சங்கையா பெட்டியைத் திறந்து போனைக் கொடுத்தார். அது உயிர் வந்து எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அது போனா எருமையா என்று கேட்கத் தோன்றும். சுகிர்தா தன் போனில் மறுபடி அனுப்பச் சொன்னாள். அம்மாவின் போன் டிங் என்றது.

சுகிர்தா கையை நீட்டினாள்.

"இரு" என்றார் பொன்னுத்தங்கம். "நான் வாசிக்கேன். எம் நம்பருக்குத்தான வந்துருக்கு?"

போனைக் கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். வாசிச்சேன் பாருங்க—

8

இங்கேதான் திருத்தங்கல் வந்தது.

இனி நான் எழுதலாம். முதல் முடிவு: இணைப்பு அறுந்துவிட்டது, மணி ஐந்து, இடம் போயிற்று. எழுதிப் பார்த்தேன், வாசகர் கண்ணீர் விடுவார், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அந்த நடையைப் பார்த்த பிறகு இதை எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது? கிழித்தேன்.

இரண்டாவது முடிவு: பெண்கள் எல்லோரும் கை தட்டுகிறார்கள், காளிராஜ் பைக்கில் பறந்து வருகிறார், வானத்தில் பேன்சி வெடி பூக்கிறது. பட்டப்பகலில், கம்பெனி வாசலில் வெடியா? எவனாவது அப்படி எழுதினால் லைசென்சைப் பிடுங்க வேண்டும்.

சரி, அந்த ஆறு எண்களையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏனென்றால் அந்தச் செய்தியின் கடைசி வரி, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறது. பொன்னுத்தங்கம் அந்த வரியையும் விடாமல் வாசித்தார், வாசித்துவிட்டுச் சங்கையாவை நிமிர்ந்து பார்த்தார், அவர் காதைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். (இது என் கைச்சரக்கு. ஆனால் நடந்திருக்கும்.) அவரே திரும்பி நிற்கும்போது நான் மட்டும் ஒட்டுக்கேட்கலாமா? அதனால் இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதவில்லை.

கடைசிக்கு வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். திருத்தங்கல்லில் அந்த அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நடத்துநர் விசில் வாயோடு அவசரப்படுத்தினார். "இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். வண்டி நகர்ந்தது. நடத்துநருக்குப் பொறுக்கவில்லை, படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"சீட்டு கெடச்சுதா இல்லையாம்மா?"

அந்த அம்மா வாளியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மக்கு உள்ளே கடகடவென்று ஆடியது. அப்புறம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டோரமாக, அதே அளவில் நடந்து போனார்.

புது வாளி, புது மக்கு, உறை பிரிக்காத தலையணை. யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.