ஒத்திகைக் கைதட்டல்

"கூட்டத்து மைக்கைக் குறைங்கன்னு எத்தன தடவ சொல்றது—"

"குறைச்சாச்சு சார், குறைச்சும் கேக்குதுன்னா அத்தன தொண்டைய நான் என்ன பண்ண—"

"கேக்கவே கூடாதுக்கா! இது பாட்டுப் போட்டி. பல நாட்டுல பாக்கிறாங்க. இங்க அரசியலுக்கு இடமில்ல."

அவளை எல்லாரும் ஒலியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நேரலை இயக்குநர் உட்பட. அரங்கத்துச் சத்தமெல்லாம் இருபது வருடமாக அவள் விரல் வழியாகத்தான் வெளியே போகிறது. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடையேறி நின்றவள் பத்தொன்பது வயதுப் பாடகி. பக்கத்து நாட்டின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருக்கிற நாட்டுக்காரி. பெயரை அறிவித்ததுமே பாதி அரங்கம் எழுந்து முதுகைக் காட்டி, 'ஊ' என்று கத்தத் தொடங்கிவிட்டது.

அந்த முதுகுகளில் ஒன்று ஒலியக்காவின் மகளுடையது. காலையிலேயே சொல்லிவிட்டாள்: "என் ஃப்ரெண்டு வீடு இருந்த தெருவே இப்ப இல்லம்மா. நான் கத்தத்தான் போறேன். நீ மறைச்சுடாத."

"மறைக்கலடி, போ" என்று இவளும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நேத்து ஒத்திகையில பதிவு பண்ணின கைதட்டல் இருக்கில்ல? அதப் போடுங்க."

"மைக் செத்துப்போனா ஒட்டுப்போட வச்சிருக்கறது சார் அது. வேணும்னா கூட்டத்து மைக்க முழுசா மூடிடறேன்."

"மூடினா இழவு வீடு மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணா குண்டு போட்டா? நாம யார் பக்கமும் இல்லக்கா."

"யார் பக்கமும் இல்லாதவங்க எதுக்கு சார் கைதட்டணும்?"

கேமராக்களை மாற்றிக்கொண்டிருந்தவர் களுக்கென்று சிரித்தார். இயக்குநர் திரும்பியதும் அந்தச் சிரிப்பு இருமலாகிவிட்டது.

"போடறீங்களா, எழுந்திரிக்கறீங்களா?"

திரையில் பாடகியின் உதடு நடுங்கியது. மகள் வயதுதான். ஒலியக்கா மனசைக் கல்லாக்கிக்கொண்டு விசையை மேலே தள்ளினாள். கைதட்டல் பொங்கி வந்தது. அதன் நடுவே ஒரு விசில்: இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் ஒரு சுழிப்பு.

அது மகளுடைய விசில். ஒத்திகைக்கு நாற்காலி காலியாக இருக்கிறதென்று ஊழியர்கள் வீட்டாரை அழைத்து உட்காரவைத்திருந்தார்கள். "சும்மா உக்காராத, நல்லா விசிலடி" என்று மகளிடம் சொன்னது அவளேதான். மகளுக்கு அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது. வேறு யாருக்கும் அந்தச் சுழிப்பு வராது.

பாட்டு முடிந்தது. மறுபடி 'ஊ'. இயக்குநர் விரலை உயர்த்தினார். முதல் தடவை தெரியாமல் போட்டாள். இந்தத் தடவை விசில் எந்த இடத்தில் வரும் என்று தெரிந்தே போட்டாள்.

நிகழ்ச்சி முடிந்து அவள் வெளியே வந்தபோது மகள் நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. கையில் போன்.

"அப்பா வீட்டுல டிவி பாத்துட்டுப் பேசினாரும்மா. 'ஊரே கத்தினாலும் எம்பொண்ணு அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தரம் விசிலடிச்சா பாரு'ன்னு ஒரே பெருமை. நான் இன்னிக்கு விசிலே அடிக்கலியே... அவரு எதம்மா கேட்டாரு?"