கழுத்துக்கு மட்டும் பருத்தி

ஆசிப் இறந்துபோனது லெப்பைக்குடிக்காட்டில் அவன் பொண்டாட்டி ஆஃப்ராவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசலில் அவனுக்காகத் துஆ ஓதியாயிற்று. கடைத்தெருவில் துக்கம் விசாரித்தாயிற்று. காலையில் பால் ஊற்ற வரும் அம்மாக்கண்ணுவுக்கும் தெரியும். அவள் பாலை ஊற்றிவிட்டு ஆஃப்ராவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். மற்ற நாளில் அந்த ஊருக்கு வாய் சும்மா இருக்காது. யார் வீட்டுக்கு வந்த பெட்டியில் என்ன இருந்தது என்று பெட்டியைத் திறக்கும் முன்பே சொல்லிவிடும். ஆனால் வீட்டுக்கு ஓர் ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஊர் அது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டது.

இதில் பெரிய பாவம் யாரென்றால் ஹஃபீசாதான். ஆசிப்பைப் பெற்றவள் அவள். பெற்றவளும் அழக் கூடாது என்று அந்த வீட்டில் முடிவாகியிருந்தது.

ஆசிப் ஷார்ஜாவில் இறைச்சி வைக்கும் குளிர்க் கிடங்கில் வேலை பார்த்தான். மார்ச் மாதம் ஷிப்ட் முடித்துத் திரும்பிய வேன் மீது லாரி மோதியது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த உபைத் போன் செய்தபோது எடுத்தது ஆசிப்பின் அத்தா அப்துல் மஜீது. ரிசீவரை வைத்தவர் அந்த இடத்திலேயே போன் ஒயரைப் பிடுங்கினார். மனைவியைக் கொல்லைக்கு அழைத்துப்போய், கிணற்றடியில் நிற்க வைத்து, விஷயத்தைச் சொல்லி, அவள் வாயைத் தன் கையாலேயே பொத்தினார்.

"ஆஃப்ரா வயித்துல புள்ள, நாலு மாசம். இதுக்கு முன்னாடி ரெண்டு தங்கல. டாக்டரம்மா என்ன சொன்னாங்க, நெனச்சுப் பாரு. ஆசிப்போட மிச்சம் அது ஒண்ணுதான் ஹஃபீசா. பொறக்கட்டும். அதுவரைக்கும் இந்த வூட்ல ஒரு சத்தம் வரக்கூடாது."

பெரம்பலூர் டாக்டரம்மா சொன்னது இதுதான்: பஸ் ஏறக் கூடாது, படி ஏறக் கூடாது, அதிர்ச்சி எதுவும் கூடாது, வீட்டோடு இருந்து கைவேலை ஏதாவது பார்க்கலாம். ஹஃபீசா தலையை ஆட்டினாள். அவர் கை ஈரமாகியிருந்தது.

கணவன் இறந்தால் மனைவி இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாமல், பூ, மருதாணி, அத்தர் எதையும் தொடாமல் இருக்கிற காலம் அது. வயிற்றில் பிள்ளை இருந்தால், பிள்ளை பிறக்கும் வரை. அப்துல் மஜீது பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். "தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் இத்தா ஓடிக்கிட்டுதான் இருக்கும் பாய். புள்ள பொறந்தா முடிஞ்சிடும். தெரியாம அந்தப் பொண்ணு ஒரு பூ வெச்சா அது மேல குத்தமில்ல. அல்லாஹ் அறிஞ்சவன்" என்றார் ஹஜ்ரத். அதோடு அந்தப் பேச்சு முடிந்ததென்று அப்துல் மஜீது நினைத்தார். ஹஃபீசாவுக்கு முடியவில்லை.

போன் பழுது என்று சொன்னார்கள். கம்பெனி ஆசிப்பைப் பாலைவனத்துக்குள் ஏதோ கேம்புக்கு அனுப்பிவிட்டது, அங்கே போன் கிடையாது, உபைத் மூலமாகத்தான் சேதி வரும் என்று சொன்னார்கள். ஆஃப்ரா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு, "வரட்டும் மச்சான், பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கைவேலையில் இறங்கினாள்.

கைவேலை என்றால் ஸ்வெட்டர். பெரம்பலூர் ஹாஸ்டலில் படித்தபோது ஒரு டீச்சர் கற்றுக்கொடுத்தது. கிடங்கில் கம்பெனி கொடுக்கிற கோட்டு கழுத்தை அறுக்கிறது என்று ஆசிப் போன லீவில் சொல்லியிருந்தான். மாமனாரைத் திருச்சிக்கு அனுப்பிக் கருநீலக் கம்பளி நூலும் ஊசியும் வாங்கி வரச் சொன்னாள். அவரும் போனார். மகனைப் பறிகொடுத்தவர் பெரிய கடைவீதியில் நின்று, இந்த நீலமா அந்த நீலமா என்று பார்த்து வாங்கி வந்தார்.

அந்த வருஷம் வெயில் ஈவிரக்கமில்லாமல் அடித்தது. வெள்ளாறு முழுக்க மணல். அந்த வேக்காட்டில் கம்பளி நூலை மடியில் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய, ஆஃப்ரா பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அம்மா இல்லை. வி.களத்தூரில் அக்கா மர்வா மட்டும்தான். அதனாலோ என்னவோ மாமியாரிடம் ஒட்டிக்கொண்டாள். மாவு சலிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவாள். "மாமி, மச்சானுக்கு நெஞ்சளவு என்ன இருக்கும்?" என்பாள். "சின்ன வயசுல எப்படி இருப்பாங்க? ரொம்ப வாலா?" என்பாள். ஹஃபீசா சொல்லுவாள். மகனைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயை வாளியில் திறந்துவிட்டு அழுவாள். ஒரு நாள் ஆஃப்ரா வாசலில் நின்று, "மாமி, இவ்வளவு தண்ணி புழங்காதீங்க, கெணறு வத்திக்கிட்டு வருது. செடிக்கு வேணும்ல?" என்றாள். அதற்குப் பிறகு அந்த இடமும் ஹஃபீசாவுக்கு இல்லாமல் போயிற்று.

உடம்புப் பகுதி முடிந்ததும் அளவு பார்க்க வேண்டும் என்றாள் ஆஃப்ரா. ஆசிப்புக்கும் அவன் அத்தாவுக்கும் ஒரே தோள். "மாமா, கொஞ்சம் நில்லுங்க" என்று அவரைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். அவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். கருநீல ஸ்வெட்டரை அவர் மேல் போட்டு, ஊசியைப் பல்லில் கடித்தபடி, முதுகை இழுத்துப் பார்த்தாள், அக்குளைப் பார்த்தாள். "மச்சானுக்கு இன்னும் ஒரு வெரக்கடை கூட வேணும், இல்ல மாமி?" என்று கேட்டாள். அடுப்படி நிலைப்படியில் நின்ற ஹஃபீசா, "ஆமா, கொஞ்சம் லூசாவே இருக்கட்டும்" என்றாள். அப்துல் மஜீது கையை இறக்கவேயில்லை. ஸ்வெட்டரைக் கழற்றின பிறகும் அப்படியே நின்றார். பிறகு கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிச் செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார்.

கழுத்துப் பட்டையில்தான் ஆஃப்ரா தயங்கினாள். கம்பளி என்றால் உறுத்தும். கொல்லையில் நாலைந்து பருத்திச் செடிகள் வெடித்து நின்றன. அதைப் பறித்து, கொட்டையெடுத்து, விரலால் பஞ்சைக் கோதி, பள்ளிக்கூடத்து நாளில் பழகிய தக்ளியைத் தேடியெடுத்து நூற்க உட்கார்ந்தாள். தக்ளியைத் தொடையில் உருட்டிவிட்டால் கிறுகிறுவென்று சுற்றும், பஞ்சிலிருந்து நூல் இறங்கும். முதலில் அறுந்து அறுந்து போயிற்று. பிறகு கை பழகிவிட்டது. இரண்டு இழையை முறுக்கிக் கழுத்துக்கு மட்டும் பருத்தி வைத்துப் பின்னினாள். கருநீலத்தில் வெள்ளைக் கழுத்து. "பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கு. உறுத்தாது, அது போதும்" என்றாள்.

லீவில் வந்த உபைத், ஆசிப்பிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லி, ஸ்வெட்டரை வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டான். தெருமுனை திரும்பி, அப்துல் மஜீதின் துணிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதான். ஸ்வெட்டர் துணி அடுக்குக்குப் பின்னால் மறைந்தது. மூன்று வாரம் கழித்து, "கழுத்து உறுத்தவே இல்லையாம்மா. போட்டா கழட்ட மனசு வரலையாம்" என்று மருமகளிடம் சொன்னார் அப்துல் மஜீது. ஆஃப்ரா சிரித்த சிரிப்பை ஹஃபீசா பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவள் வாழ்க்கையிலேயே நல்ல கோடை அதுதான். 

இனி அந்தக் குண்டுமல்லி. குளியலறைத் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரமாக ஆசிப் வைத்த செடி. ஆஃப்ரா ஆசையாசையாய் வளர்த்த தோட்டத்தில் கத்திரி காய்த்தது, பாகல் கொடியோடியது, மல்லி மட்டும் பூக்கவில்லை. இலையைக் கிள்ளிவிட்டாள், முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டாள், டீத்தூளைப் போட்டாள். அரும்பு கட்டும், பிறகு காணாமல் போகும். "வெக்கையில உதுந்துடுது போல மாமி" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

உதிரவில்லை. விடியலில் பஜர் தொழுததும் ஹஃபீசா கொல்லைக்குப் போய், அன்றைக்கு மலர இருக்கிற மொட்டுகளை எல்லாம் கிள்ளி, எருக்குழியில் குப்பையைக் கிளறிப் புதைத்துவிடுவாள். குற்றமில்லை என்று ஹஜ்ரத் சொன்னது அவளுக்கும் தெரியும். மருதாணி கேட்டபோது குளிர்ச்சி, பிள்ளைக்கு ஆகாது என்று தடுத்துவிட்டாள். பூவுக்கு என்ன சொல்லித் தடுப்பது? மகன் மண்ணுக்குள் கிடக்க, அவன் பொண்டாட்டி தலை நிறையப் பூவோடு எதிரே வந்து நின்றால், தன் வாய் தன்னையறியாமல் கத்திவிடும் என்று பயந்தாள். மருமகளின் இத்தாவை மருமகளுக்குத் தெரியாமல் தானே காத்துக் கொடுக்கிறோம் என்றும் நினைத்தாள். பாவம், அது ஒரு கடமை என்றே நம்பினாள்.

ஆனி கடைசியில் ஒரு காலை, கத்திரிக்கு எரு எடுக்க முக்காலியைப் போட்டுக் குழியோரம் உட்கார்ந்த ஆஃப்ரா, கரண்டியால் கிளறினாள். மேலே அன்றைய மொட்டுகள், வெள்ளையாக. அடியில் பழுத்தவை, அதற்கும் அடியில் கறுத்தவை, கோடை முழுவதும் சேர்ந்தவை. ஒன்றை எடுத்துக் காம்பைப் பார்த்தாள். செடியோடு பழகியவளுக்கு உதிர்ந்த காம்பும் நகத்தால் கிள்ளிய காம்பும் தெரியாதா?

"மாமி, நீங்களா?"

ஹஃபீசா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அணில், எறும்பு, கோழி என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். நாலு மாதமாகப் பொய் சொல்லிச் சொல்லி அன்றைக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

"ஏன் மாமி? நான் என்ன செஞ்சேன்?"

உண்மையைச் சொன்னால் எட்டு மாத வயிறு என்னாவது? ஹஃபீசா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"புருஷன் வூட்ல இல்லாதப்ப பூ என்ன, சிங்காரிப்பு என்ன? எனக்குப் பார்க்கப் பொறுக்கல. அவ்வளவுதான்."

ஆஃப்ரா எழுந்தாள். "என் அம்மா இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாள். முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் அவள் கொல்லைப் பக்கம் வரவில்லை. மாமி என்று கூப்பிடவுமில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கேட்டால் பதில் சொன்னாள். கத்திரி வாடியது. ஹஃபீசா அவளைப் பார்த்துப் பார்த்து, என்னை வெறுத்துக்கொள், பிள்ளையை மட்டும் பெற்றுக் கொடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகு, மர்வாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்துல் மஜீது சொன்னார். மார்ச் மாதமே என்றார். இத்தாவும் முடிந்துவிட்டதம்மா, நீ எதற்கும் உட்கார வேண்டியதில்லை என்றும் சொன்னார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். கேட்ட ஹஃபீசாவுக்கே அது அடி மாதிரி விழுந்தது. புருஷனுக்காக ஒரு நாள்கூட உட்கார்ந்து அழ விடாமல் அந்தப் பெண்ணை விதவையாக்கி, அந்தக் கணக்கையும் முடித்து வைத்திருந்தார்கள்.

ஆஃப்ரா அழவில்லை. "ஸ்வெட்டரு எங்க?" என்றாள். கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை விரித்து, வெள்ளைக் கழுத்துப் பட்டையின் மேல் குழந்தையின் கன்னம் படும்படி கிடத்தினாள். கழுத்து உறுத்தவில்லை என்றார்களே, அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. தலையைத் தூக்கி ஹஃபீசாவைப் பார்த்தாள்.

"பூவைப் பறிச்சது இதுக்குத்தானா மாமி?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு மாமி என்றிருக்கிறாள். ஹஃபீசா ஆசையோடு பக்கத்தில் போனாள். "ஆமாம்மா. ஒன் இத்தா கெடக் கூடாதுன்னுதான். வேற ஒண்ணும் இல்லம்மா."

"எனக்குத் தெரியாத வரைக்கும் மச்சான் எனக்கு ஹயாத்தா, உசுரோடதானே இருந்தாங்க? அதுவரைக்கும் வெச்சிருப்பேனே. அந்தப் பூவையும் ஏன் பறிச்சீங்க?"

 ஹஃபீசா கையை நீட்டினாள். ஆஃப்ரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் மர்வா கார் கொண்டுவந்து தங்கையையும் குழந்தையையும் வி.களத்தூருக்கு அழைத்துப் போனாள். ஸ்வெட்டர் போயிற்று. தக்ளி மட்டும் கூடத்து மாடத்தில், பாதி நூலோடு கிடந்தது. அப்துல் மஜீது வாசல் வரை வந்து, வெள்ளிக்கிழமை வந்து பிள்ளையைப் பார்க்கிறேன் என்றார். ஆஃப்ரா தலையை ஆட்டினாள். ஹஃபீசாவைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினாள்.

மறுநாள் பஜர் தொழுதுவிட்டு ஹஃபீசா கொல்லைக்குப் போனாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கை தன்பாட்டுக்கு மல்லிச் செடியில் ஓடியது. மடி நிறையக் கிள்ளி, எருக்குழியோரம் வந்து குனிந்த பிறகுதான் நினைவு வந்தது. இந்தப் பூவை வைக்க இந்த வீட்டில் தலையில்லை. மறைக்க வேண்டிய ஆளும் இல்லை. மொட்டுகளை மடியில் வைத்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மார்ச் மாதம் கிணற்றடியில் அப்துல் மஜீதின் கை பொத்தி வைத்தது அப்போது வெளியே வந்தது. என் மவனே, என் மவனே என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

அப்துல் மஜீது கூடத்திலிருந்து ஓடி வந்தார். வந்த வேகத்தில் குனிந்து, அவள் வாயைப் பொத்தினார்.

"மெதுவா ஹஃபீசா, மெதுவா. ஆஃப்ராவுக்குக் கேட்டுடப் போவுது" என்றார்.