நூல் அறுந்த இடம்

எங்கள் ஊரில் திருடுகிறவன்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவான். மதன்குமார் விஷயத்தில் எனக்கு ஆத்திரத்தை அதிகமாகக் கிளப்பியது அந்த 'ங்க'தான்.

என் பெயர் யுஸ்ரா. உக்கடத்துக்காரி. பி.காம். இரண்டாம் வருஷம். நடிகர் சேந்தனின் படங்களில் இருந்து காட்சிகளை வெட்டி, தாளத்துக்குப் பொருத்தி, ஒரு நிமிட வீடியோவாக 'உக்கடம் கட்ஸ்' என்ற பெயரில் போடுகிறேன். யாரும் கேட்டுச் செய்வதில்லை. நாற்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், அதில் பாதிப் பேர் என்னை 'புரோ' என்று கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

அம்மாவுக்கு இது 'போனை நோண்டுறது'. ஒரு தடவை உட்கார்ந்து செய்து பார்க்கட்டும். தாளத்தின் அடி விழும் இடத்திலேயே காட்சியை வெட்டினால் கண்ணுக்குத் தாமதமாகத் தெரியும்; இரண்டு ஃபிரேம் முன்னால் வெட்ட வேண்டும். சேந்தன் நடக்கும் நடையில் இடது கால் தரையைத் தொடுகிற ஃபிரேமைத் தேடி ஒரு மதியம் முழுக்கச் செலவழித்திருக்கிறேன். அதை எவனாவது 'சும்மா எடிட்டுதானே' என்று சொன்னால் பளாரென்று விடத் தோன்றும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவர் கொடுத்த பொருளைப் பயன்படுத்தினால், வீடியோவின் கீழே அவர் பெயரைப் போட வேண்டும். நிறத்தை மாற்றும் செட்டிங்கை எனக்கு அனுப்புவது இந்தோனேசியாவில் யாரோ ஒரு பெண், முகம்கூடத் தெரியாது. பழைய படங்களின் காட்சிகளைத் தொகுத்துக் கொடுப்பது மலேசியாவில் ஒருவர். இருவர் பெயரையும் போடாமல் நான் ஒரு வீடியோவும் வெளியிட்டதில்லை. இந்த விஷயத்தில் நான் சுத்தம் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

சேந்தனின் புதுப் படம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு நான் செய்ததுதான் தறி எடிட். எல்லோரும் ஒரே மாதிரி டிரம் சத்தத்தைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு சத்தம் வேண்டியிருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் லோகப்பிரியாவுக்குக் கருமத்தம்பட்டி, அவள் வீட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்தைப் பதிவு செய்து தரச் சொன்னேன். அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தறிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். ஒரே தறியின் சத்தம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக அவள் அம்மா சுப்பாத்தாள் மற்ற மூன்றையும் நிறுத்தி வைத்தார்.

அந்தப் பதிவில் ஓரிடத்தில் பாவு நூல் அறுந்து, தறி திணறி நின்றுவிடுகிறது. அதுதான் எனக்குக் கிடைத்த புதையல். சேந்தன் திரும்பிப் பார்க்கும் இடத்தில் அந்த நிற்றலை வைத்தேன். இரண்டு விநாடி மௌனம், பிறகு மறுபடி தறி. மௌனத்துக்கு நடுவே சுப்பாத்தாள் மகளிடம் ஏதோ சொல்வது கேட்டது. அதை அழித்தால் தறி நிற்கும் ஓசையும் சேர்ந்து கெட்டது. அதனால் குரலை அழிக்காமல், போன் ஸ்பீக்கரில் கேட்காத அளவுக்கு அமுக்கி வைத்தேன். வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

படம் வந்த அன்று காலை ஒன்பது மணிக் காட்சிக்கு நானும் லோகப்பிரியாவும் காந்திபுரம் பக்கத்துத் தியேட்டரில் இருந்தோம். படத்துக்கு முன்னால் ரசிகர் மன்றத்தின் வீடியோ ஒன்றைத் திரையில் போடுவது வழக்கம். விளக்கு அணைந்தது, விசில் பறந்தது, தங்க எழுத்தில் 'எடிட்டிங்: மதன்குமார்' என்று வந்தது. அடுத்த நொடி, டடக் டடக் என்று தறி ஓட ஆரம்பித்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வெட்டு, என் நடை, என் இடது கால். மூலையில் சின்னதாக இருந்த என் பெயரை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கியிருந்தான். அதில் சேந்தனின் நெற்றியே பாதி காணோம். திருடத்தான் திருடினாய், நெற்றியையாவது விட்டுவைக்கக் கூடாதா!

தறி நின்றது. அந்த மௌனத்தில், நான் அமுக்கி வைத்திருந்த குரல் தியேட்டரின் அத்தனை ஸ்பீக்கரிலும் எழுந்தது.

"அம்மணி, நூலு அந்துபோச்சு, நிறுத்து கண்ணு!"

ஒரு கணம் எல்லோரும் திகைத்தார்கள். பிறகு கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு கத்தல். பின் வரிசையில் பத்திருபது பேர் "நிறுத்து கண்ணு! நிறுத்து கண்ணு!" என்று சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். லோகப்பிரியா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எங்கம்மாடீ!" என்றாள்.

இடைவேளையில் மதன்குமாரைப் பாப்கார்ன் வரிசையில் பிடித்தேன். மன்றத்தின் மாவட்டப் பொறுப்பாளர். வெள்ளைச் சட்டை, பையில் சேந்தன் படமும் அவன் பெயரும் போட்ட அட்டை.

"அந்த வீடியோ என்னுது. உக்கடம் கட்ஸ் நான்தான்" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "உக்கடம் கட்ஸ் ஒரு தம்பிங்க. எனக்கு நல்ல பழக்கம்ங்க."

"ஒரு மாசமா எனக்கு மெசேஜ் போட்டு 'வீடியோ சூப்பர் தம்பி'ன்னு சொன்னது நீங்கதானே? தம்பி நான்தான்."

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. இந்த மாதிரி எடிட்டு ஆயிரம் பேரு பண்றாங்க. இது நானே உக்காந்து பண்ணுனதுங்க."

அந்த மரியாதையைக் கேட்டு எனக்கு இன்னும் தலைக்கேறியது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "அப்படீன்னா நடுவுல வர்ற அந்தக் குரல் யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்!"

அவன் கண் ஒரு நொடி அலைந்தது. பாவம், அப்படி ஒரு குரல் அதில் இருப்பதே அவனுக்கு இன்று காலைதான் தெரியும்.

"அது... பழைய படத்துல சேந்தன் அண்ணனோட அம்மாவா நடிச்சவங்க பேசுனதுங்க."

"இல்லீங்க" என்றாள் லோகப்பிரியா. "அது என்ற அம்மாங்க. கருமத்தம்பட்டி, எங்க தறிக்கூடத்துல. நிறுத்தச் சொன்னது என்னையத்தானுங்க."

போனை எடுத்து, அன்று பதிவு செய்த முழுச் சத்தத்தையும் ஓடவிட்டாள். நூல் அறுந்தது, சுப்பாத்தாள் கூப்பிட்டார். வரிசையில் ஒருவர் கைதட்டினார். மதன்குமாரின் முகம் சுருங்கியது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு இனித்தது.

"சரிங்க, தப்புத்தானுங்க" என்று போனை வெளியே எடுத்தான். "மத்தியான ஷோவுக்குள்ள பேரை மாத்திப்போடறேன். என்ன பேருங்க போடோணும்?"

"உக்கடம் கட்ஸ்" என்றேன். கண்ணிமைக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை.

அவன் குறித்துக்கொண்டான். லோகப்பிரியா தன் போனைப் பைக்குள் வைத்தாள்.

மீதிப் படத்தில் அவள் ஒரு விசிலும் அடிக்கவில்லை. படம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். அவன் முகம் போன போக்கு, அவன் 'ங்க', நான் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தேன். அவினாசி ரோட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"இந்தோனேசியாக்காரி பேரு போட்டே இல்ல?"

"எதுல?"

"தறி வீடியோவுல. கலர் கொடுத்தவ பேரு இருக்குது. மலேசியாக்காரர் பேரு இருக்குது. ஒரு மாசமா பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"நீ என் ஃபிரண்டுடீ. உனக்குப் போயி..."

"அந்தாளு மேல கத்துனியே, பேரு போடாததுக்குத்தானே கத்துனே?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். கேட்டிருந்தால் போட்டிருக்க மாட்டேனா, ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருப்பானேன் என்றெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. அந்தக் குரலுக்குரியவர் பெயர் எங்கே என்று யாராவது என்னிடம் கேட்டால் நானும் மதன்குமார் மாதிரித்தான் கண்ணை அலையவிடுவேன் என்று தோன்றியதும் கோபம் அப்படியே என் மேல் திரும்பியது. அவனாவது முகம் தெரியாதவளிடம் திருடினான். நான் பக்கத்து பெஞ்சில் திருடினேன்.

"இப்பவே மாத்தறேன்" என்று போனை எடுத்தேன்.

"இப்பப் போட்டா, நான் கேட்டதால போட்டதா ஆயிரும்" என்றாள்.

திரையில் ஏற்கெனவே மதன்குமாரின் செய்தி வந்திருந்தது. மத்தியானக் காட்சிக்கு மாற்றிய வீடியோ. தங்க எழுத்தில், திரை முழுக்க, 'உக்கடம் கட்ஸ்'. காலை முழுக்க நான் தொண்டை கிழியக் கேட்டது அதுதான். பார்க்க அருவருப்பாக இருந்தது.

அப்போது லோகப்பிரியாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் சுப்பாத்தாள் கத்திப் பேசினார்.

"ஏனம்மணி, என்ற சத்தம் தியேட்டர்ல வந்துச்சாமா? பக்கத்தூட்டு நஞ்சுண்டன் போன்ல காட்டுனாரு! ஊரே கூடிப் பாக்குது! நம்ம பேரு போட்டாங்களா கண்ணு?"

லோகப்பிரியா போனை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, யுஸ்ரா பேசறேங்க" என்றேன். "பேரு போடலைங்க. அவங்க இல்லைங்க, நான்தான் போடலை."

"என்ன கண்ணு? தறிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. இரு, நிறுத்திப்போட்டு வாரேன்."

தறி ஒவ்வொன்றாக நின்றது. எனக்காக அவர் இரண்டாம் முறை தறியை நிறுத்துகிறார்.

"இப்பச் சொல்லு கண்ணு" என்றார்.

சொன்னதையே மறுபடி சொன்னேன். இந்த முறை நன்றாகக் கேட்டது.