சாம்பல் தொடாத கை

'தானே' புயலில் தன் ஸ்கூட்டர் பறந்து அடுத்த பிளாக்கில் இறங்கியதாகவும், இறங்கிய கையோடு ஸ்டாண்டு போட்டு நின்றதாகவும் சொல்லி நிலக்கரிச் சுரங்கத்தில் மூன்று ஷிப்டையும் சிரிக்க வைத்தவர் கருணாகரன். அவர் மனைவி புஷ்பவல்லி மட்டும் மூன்று மாதமாகச் சிரிக்கவில்லை. சிரிப்பு கிடக்கட்டும், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மன அழுத்தம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிவிட்டு, "நச்சரிக்காதீங்க, கூட இருங்க" என்றார்.

முதல் பாதி கருணாகரன் காதில் ஏறவில்லை. நின்றுபோன கன்வேயர் பெல்ட்டைப் பார்க்க வருவதுபோல் மணிக்கொரு தரம் கட்டிலருகே வந்து நிற்பார். "சாப்பிட்டியா? தூங்கினியா? இப்ப எப்படி இருக்கு?" பதில் இல்லையென்றால் ஒரு கதை. அதற்கும் அசையாவிட்டால் அதைவிடப் பெரிய கதை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒருநாள் காலை ஷிப்டு முடிந்து வந்தவருக்குத் தோட்டத்தில் அவள் குரல் கேட்டது. மந்தாரக்குப்பத்திலிருந்து பாத்திரம் தேய்க்க வரும் மாரியம்மாள், வேலை முடிந்ததும் பலாமர நிழலில் கூலிக்கு முந்திரி உடைப்பாள். அவளிடம் புஷ்பவல்லி பேசிக்கொண்டிருந்தாள். இவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது.

இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இல்லாத வார்த்தை இவளுக்கா? அன்றைய வயிற்றெரிச்சலைக் குழாய் போட்டு எடுத்திருந்தால் அனல்மின் நிலையத்துக்கு ஒரு வாரம் நிலக்கரி மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் மாரியம்மாளை வாசலிலேயே மடக்கினார்.

"அம்மாகிட்ட அப்படி என்ன சொல்லிப் பேச வைக்கிற?"

"நான் என்னத்த சொன்னேங்க? நான் பாட்டுக்கு ஒடச்சிக்கினு இருந்தேன். அவங்க வந்து குந்திக்கினாங்க. எட்டு நாளு கம்முனு இருந்தாங்க. ஒம்பதாம் நாளு அவங்களே பேசுனாங்க."

"நீ ஒண்ணுமே கேக்கலையா?"

"மூட்டைய முடிக்கணுமேங்க. கேக்க ஏது நேரம்?"

"மூட்டைய வச்சிட்டுப் போ. இன்னிக்கு நான் உடைக்கிறேன்."

"ஒடைக்கத் தெரியுமாங்க?"

"சுரங்கத்தையே தோண்டுறோம்!"

மாரியம்மாள் சாம்பல் கிண்ணத்தையும் காட்டிவிட்டுத்தான் போனாள். அது எதற்கென்று கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

பலாமரத்தடியில் உட்கார்ந்து உடைத்தார். புஷ்பவல்லி வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். 'எப்படி இருக்கு' என்று கேட்க நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டார். ஸ்கூட்டர் கதை தொண்டைவரை வந்தது, விழுங்கினார். கொட்டையின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்து எரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். புஷ்பவல்லி எழுந்து உள்ளே போனாள், எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள், அவர் கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"சாம்பல் தொட்டுக்காம யாராவது முந்திரி உடைப்பாங்களா? அறிவு வேணாம்?"

எண்ணெயைத் தடவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கம்தான். மாத்திரையும் நிற்கவில்லை.

அடுத்த நாள் கருணாகரன் கொப்புளித்த கையை மாரியம்மாளிடம் நீட்டினார்.

"உன்கிட்ட வெறும் பேச்சுதான். எனக்குத் திட்டு விழுந்துது, தெரியுமா?"

"என்னையுந்தான் திட்டுனாங்க."

அவர் முகம் சுருங்கியது. "எத்தனை தடவை?"

பதிலுக்குக் காத்திராமல் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாம்பல் கிண்ணத்தை மட்டும் எட்டத் தள்ளி வைத்தார்.